புரதம்: சோதனை எதைப் பார்க்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புரதத்தின் அமைப்பு, அதைக் கண்டறியும் சோதனைகள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ‘இது பள்ளிப் பிள்ளைகளின் பாடமாயிற்றே, நமக்கு எதற்கு?’ என்று சிலர் இப்போதே ரிமோட்டைத் தேடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு இடங்களில் இந்தப் பாடம் தினமும் நடந்து கொண்டிருக்கிறது.

ஒன்று, குழந்தையின் பால் மாவு டின். அதன் முதுகில் ‘100 கிராமில் இத்தனை கிராம் புரதம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். மற்றொன்று, அப்பாவோ அம்மாவோ கிளினிக்கிலிருந்து கொண்டு வரும் பரிசோதனைச் சீட்டு. அதில் ‘சிறுநீரில் புரதம்: இல்லை’ என்று இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அந்த டின்னுக்குள் இருப்பது புரதம்தான் என்று சொன்னது யார்? சிறுநீரில் புரதம் இல்லை என்று சொன்னது எது? ஒரு சோதனை. அந்தச் சோதனை எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னது?

சோதனை பொய் சொல்வதில்லை, நேயர்களே. ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். கேள்வி என்ன என்று தெரியாமல் பதிலை மட்டும் வாங்கிக் கொண்டு போனால் ஆபத்து. 2008ஆம் ஆண்டில் சீனாவில் பச்சிளம் குழந்தைகள் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், புரதம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

இருபது மணிகள், ஒரு சரம்

‘புரோட்டீன்’ என்ற சொல் 1838இல் பிறந்தது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ் இந்தப் பெயரைச் சொல்ல, நெதர்லாந்தின் முல்டர் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார். ‘முதன்மையானது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. பெயர் சரியாகத்தான் அமைந்தது. நம் தசை, தோல், முடி, இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகள், நோயை எதிர்க்கும் படை என எல்லாமே புரதம்தான்.

புரதத்தை ஒரு மணிச்சரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மொத்தம் 20 வகை மணிகள். ஒரு மணியின் வால், அடுத்த மணியின் தலையோடு சேர்கிறது. சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அந்த முடிச்சுக்குப் ‘பெப்டைடு பிணைப்பு’ என்று பெயர். இந்தச் சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மணிகளின் வரிசைதான் புரதத்தின் தலையெழுத்து. தமிழில் ‘பணம்’ என்ற சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் ‘பிணம்’ ஆகிவிடுகிறது அல்லவா? புரதத்திலும் அப்படித்தான். ஹீமோகுளோபினில் பீட்டா என்றொரு சரம் உண்டு. அதில் 146 மணிகள். ஆறாவது மணி மட்டும் மாறிப் போனால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடுகிறது. அதே சரத்தில் 26ஆவது மணி மாறினால் ‘ஹீமோகுளோபின் ஈ’ உண்டாகிறது. தென்கிழக்காசியாவில், நம் மலேசியாவிலும்கூட, இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால், தாலசீமியா மரபணுவோடு சேர்ந்துவிட்டால் குழந்தைக்குக் கடுமையான இரத்தசோகையைக் கொடுக்கக்கூடும்.

ஒரு புரதத்தின் முழு வரிசையை முதன்முதலில் படித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் பிரடெரிக் சாங்கர். அவர் எடுத்துக் கொண்ட புரதம் இன்சுலின். நம்மவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கிறது. 21 மணிகள் கொண்ட ஒரு சரம், 30 மணிகள் கொண்ட மற்றொரு சரம், ஆக 51 மணிகள். அந்தப் பணிக்காக 1958இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘இன்சுலினை ஊசியாகத்தான் போட வேண்டுமா, மாத்திரையாக விழுங்கக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பதில் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வயிறும் குடலும் இன்சுலினை மற்ற இறைச்சி, பருப்பு போலவே நினைத்து, சரத்தை அறுத்து மணிகளாக்கிவிடும். மணிகள் சிதறிய பிறகு மாலை ஏது?

சுருளும் கொசுவமும்

சரம் சும்மா தொங்கிக் கொண்டிருப்பதில்லை. அது மடிகிறது. 1951இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் இரண்டு அடிப்படை மடிப்புகளைக் கூறினார்கள். ஒன்று சுருள், வில்கம்பி போல. மற்றொன்று மடிப்புத் தாள். சேலை கட்டும் நம் பெண்களுக்கு விளக்கம் வேண்டாம். கொசுவம் வைப்பது போல ஒன்றன் பக்கம் ஒன்றாகப் படிந்திருக்கும். தலைமுடியில் சுருள் அதிகம், பட்டு நூலில் கொசுவம் அதிகம்.

இந்தச் சுருள்களும் கொசுவங்களும் மேலும் மடிந்து ஒரு முழு உருவம் எடுக்கின்றன. சில புரதங்களில் இப்படிப்பட்ட உருவங்கள் பல கூடிக் குழுவாக வேலை செய்யும். ஹீமோகுளோபின் நான்கு சரங்களின் கூட்டணி. ஆக வரிசை, மடிப்பு, உருவம், கூட்டணி எனப் புரதத்துக்கு நான்கு நிலைகள்.

இங்கே தமிழர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டிய ஓர் ஊர் இருக்கிறது. அது சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றவர் ஜி.என். இராமச்சந்திரன். கேரளத்து எர்ணாகுளத்தில் பிறந்தவர். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று சரங்கள் ஒன்றையொன்று பின்னிக் கொண்ட வடிவம் அது என்று எழுதினார்கள். நம் பெண்பிள்ளைகளின் மூன்று கால் பின்னலை நினைத்துக் கொள்ளுங்கள். நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதத்தின் அடிப்படை வடிவம் சென்னையில்தான் அவிழ்ந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடு சேர்ந்து ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக் கொள்ளும் என்று அந்தப் படம் காட்டியது. இன்றைக்கு உலகெங்கும் அது ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்றே வழங்குகிறது. 2024இல் வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி, கணினியைக் கொண்டு புரதத்தின் வடிவத்தைக் கணித்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்குக் கிடைத்தது. 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவங்களை அந்தக் கணினி நிரல் கணித்து வைத்திருக்கிறது. இப்படி ஒரு வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் ஆய்வாளர்கள் விரிக்கும் தாள்களில் சென்னையில் வரைந்த அந்தப் படமும் ஒன்று.

முட்டையை வேக வைக்கும்போது என்ன நடக்கிறது? வெள்ளைக்கருவில் உள்ள புரதங்களின் மடிப்பு சூட்டில் கலைகிறது. கலைந்த சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகிவிடுகின்றன. வடிவம் போய்விட்டது, ஆனால் சரம் அறுபடவில்லை. மணிகளும் அப்படியே இருக்கின்றன. ஆகவே வெந்த முட்டையிலும் சத்து இருக்கிறது. வடிவம் வேறு, சரம் வேறு, மணி வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் சோதனைகள் தாமாகவே விளங்கும்.

பள்ளிக்கூடத்துச் சோதனைகள்

நம் நாட்டில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு மில்லோன் சோதனை பழக்கமானது. முட்டையின் வெள்ளைக்கருவில் மில்லோன் கரைசலைச் சில துளிகள் விட்டுச் சூடாக்கினால் செங்கல் நிறம் வரும். ‘புரதம் இருக்கிறது’ என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தக் கரைசல் பார்த்தது என்ன? 20 மணிகளில் ‘டைரோசின்’ என்ற ஒரே ஒரு மணியைத்தான். ஜெலட்டினை எடுத்துக் கொள்ளுங்கள். ஜெலி மிட்டாயிலும் மாத்திரை உறையிலும் இருப்பது. இராமச்சந்திரன் ஆராய்ந்த அதே கொலாஜனை வேக வைத்து எடுப்பது. சுத்தமான புரதம். ஆனால் அதில் டைரோசின் மிகமிகக் குறைவு. மில்லோன் கரைசல் அதன்முன் சோர்ந்துவிடும், நிறம் சரியாக வராது. அப்படியானால் ஜெலட்டின் புரதம் இல்லையா? புரதம்தான். சோதனை கேட்ட கேள்வி வேறு. இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். இந்தக் கரைசலில் பாதரசம் இருக்கிறது. ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல் யாரும் இதைத் தொடக் கூடாது.

இரண்டாவது, பையூரெட் சோதனை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேட்டு நீர்க்கரைசலைச் சில துளிகள் விட்டால் நீலம் மாறி ஊதா நிறம் வரும். இது மணிகளைப் பார்ப்பதில்லை. ஞாபகத்தில் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அந்தப் பெப்டைடு முடிச்சுகளைப் பார்க்கிறது. குறைந்தது இரண்டு முடிச்சுகளாவது இருந்தால்தான் ஊதா வரும். தனித்தனி அமினோ அமிலங்களைக் கரைத்து வைத்தால் நிறம் பொதுவாக வராது. ஜெலட்டினுக்கு வரும். பச்சை முட்டைக்கும் வரும், வெந்த முட்டைக்கும் வரும். இரத்தத்தில் மொத்தப் புரதம் எவ்வளவு என்று அளக்க மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் இன்றும் நம்பியிருப்பது இந்த ஊதா நிறத்தைத்தான்.

‘பையூரெட்’ என்ற பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் ஒரு பொருளுக்கு அந்தப் பெயர். அது புரதமே இல்லை. ஆனால், அதன் முடிச்சு அமைப்பு புரதத்தைப் போன்றது என்பதால் அதுவும் ஊதா நிறம் தரும். அந்தப் பெயரைச் சோதனைக்கு வைத்துவிட்டார்கள். புரதத்தில் பையூரெட் கிடையாது.

மூன்றாவது, நைட்ரிக் அமிலச் சோதனை. அமிலம் பட்டால் புரதம் மஞ்சளாகும். ஆய்வுக்கூடத்தில் தவறிக் கையில் பட்டவர்களின் தோல் மஞ்சளாவதும் இதனால்தான். வளைய அமைப்பு உள்ள சில மணிகளைத்தான் இது பார்க்கிறது.

ஆக, ஒன்று ஒரு மணியைக் கேட்கிறது, ஒன்று முடிச்சைக் கேட்கிறது, ஒன்று வளையத்தைக் கேட்கிறது. எதுவுமே ‘நீ புரதமா?’ என்று நேராகக் கேட்கவில்லை.

பாலில் கலந்த பொய்

இப்போது சந்தைக்கு வருவோம். உணவில் புரதத்தின் அளவைச் சொல்ல உலகம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் முறை கெல்டால் முறை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யோகான் கெல்டால் 1883இல் இதை வெளியிட்டார். பீர் தயாரிக்கும் தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறிய அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

முறை எளிதானது. உணவை அடர்ந்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்துச் சிதைத்துவிடுவார்கள். அதில் இருந்த நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி அளப்பார்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. ஆகவே, கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு. பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.7 என்று சிறு வித்தியாசங்கள் உண்டு. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது என்பதால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். நேர்மையான உணவுக்கு இது நல்ல சோதனை.

நேர்மையில்லாதவன் கைக்குப் போனால்? சோதனை பார்ப்பது நைட்ரஜனை மட்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால்?

மெலமின் என்ற பொருளை நாம் அனைவரும் அறிவோம். கடைகளில் மீ கோரெங் தருகிற அந்தத் தட்டு, மங்குகளின் மூலப்பொருள். வெள்ளைத் தூள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 10 லிட்டர் பாலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கலந்தால் லிட்டருக்கு 29 கிராமாகக் குறைந்துவிடும். கெல்டால் சோதனையில் பிடிபடுவான். ஆனால், லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான மெலமினைக் கலந்துவிட்டால், சோதனை மீண்டும் ‘32’ என்று சொல்லும். ஒரு கிராம் மெலமின் நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதமாக வேடம் போடும். சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சீனாவில் நடந்தது இதுதான். 2008 செப்டம்பரில் சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால் மாவில் மெலமின் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. தொடர்ந்து நடந்த சோதனையில் 22 நிறுவனங்களின் பால் மாவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 6 குழந்தைகள் மாண்டு போனதாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கைக்குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம். மெலமின் அதோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாக உறைந்துவிட்டது. பேசத் தெரியாத பிள்ளை வலியால் அழுதால், பசிக்கிறது என்று நினைத்து மீண்டும் அதே பாலைக் கரைத்துக் கொடுத்திருப்பாள் தாய். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் சீனப் பால்பொருள்களுக்குத் தடை விதித்தன. நம் பிள்ளைகள் விரும்பித் தின்ற வெள்ளை முயல் மிட்டாயிலும் மெலமின் இருப்பதைச் சிங்கப்பூர் அதிகாரிகள் கண்டறிந்தார்கள். குற்றவாளிகளில் இருவருக்கு 2009 நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதில் நம்மை உறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதற்கு முந்திய ஆண்டே, 2007இல், அமெரிக்காவில் நாய், பூனைகளுக்கான உணவில் இதே மெலமின் பிடிபட்டிருந்தது. சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் இதே தந்திரம். செல்லப்பிராணிகள் செத்தன. எச்சரிக்கை மணி அப்போதே அடித்தது. கேட்டவர்கள் போதாது.

தடுத்திருக்க முடியுமா? முடியும். பாலில் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் உண்மையான புரதம் திரிந்து அடியில் படியும். மெலமின் நீரோடு போய்விடும். படிந்ததில் மட்டும் நைட்ரஜனை அளந்தால் வேடம் கலைந்துவிடும். பெப்டைடு முடிச்சைப் பார்க்கும் பையூரெட் சோதனையும் மெலமினுக்கு ஏமாறாது. அதில் முடிச்சே கிடையாது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் பொய் நிலைத்தது. இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றே உடைந்திருக்கும். இப்போது மெலமினையே தேடிப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. குழந்தைப் பால் மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் மெலமின் இருக்கக் கூடாது என்று 2010இல் அனைத்துலக உணவுத் தர ஆணையமான கோடெக்ஸ் வரம்பு விதித்தது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்களும் இதைக் கேட்க வேண்டும். புரத மாவு டப்பாக்களில் கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்து நைட்ரஜன் கணக்கை உயர்த்துவதாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. டப்பாவில் உள்ள எண்ணைப் பார்ப்பவர்கள், அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள பொருள்களின் பட்டியலையும் பாருங்கள்.

வடிவத்தை அடையாளம் காணும் சோதனை

மணியையும் முடிச்சையும் நைட்ரஜனையும் பார்க்கும் சோதனைகளைப் பார்த்தோம். வடிவத்தையே அடையாளம் காணும் சோதனை இல்லையா? இருக்கிறது. அதைச் செய்வதும் ஒரு புரதம்தான். நம் உடம்பு நோயை எதிர்க்க உருவாக்கும் எதிர்ப்புப் புரதம், பூட்டுக்கேற்ற சாவி போலக் குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மட்டும் போய் ஒட்டும். கர்ப்பம் உண்டா என்று பார்க்கும் பட்டையில் கோடு விழுவது இதனால்தான். கோவிட் காலத்தில் நாமெல்லாம் மூக்கில் குச்சி விட்டுச் செய்து கொண்டோமே, அந்தச் சோதனைக் கருவியிலும் கிருமியின் ஒரு புரதத்தைப் பிடித்துக் கோடு காட்டியது இதே வகைப் புரதம்தான். கூட்டத்தில் ஒருவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது போன்றது இது.

நம் வீட்டுச் சிறுநீரகம்

இந்த அறிவு நமக்கு எங்கே உடனடியாகத் தேவைப்படுகிறது? இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத்தான். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியச் சமூகத்தில் விகிதம் இதைவிட அதிகம் என்பதை ஒவ்வோர் ஆய்வும் சொல்லி வருகிறது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலக் காரணம் இனிப்பு நீர்தான்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. 585 மணிகள் கொண்ட பெரிய உருவம். நல்ல வடிகட்டி அதை வெளியே விடாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது வடிகட்டி கசியத் தொடங்குகிறது. முதலில் கசிவது கொஞ்சம்தான். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரமும் அதுதான்.

கிளினிக்கில் தாதியர் சிறுநீரில் முக்கி எடுக்கும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள சாயம், ஆல்புமின் ஒட்டினால் மஞ்சளிலிருந்து பச்சையாகும். விரைவானது, மலிவானது, பயனுள்ளது. ஆனால் ஆரம்பக் கசிவை, அதாவது ஒரு நாளைக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரை ஆல்புமின் போகும் அந்தக் கட்டத்தை, சாதாரணப் பட்டை பெரும்பாலும் தவறவிட்டுவிடும். சீட்டில் ‘புரதம் இல்லை’ என்று வரும். அதன் உண்மையான பொருள், ‘எனக்குத் தெரியும் அளவுக்கு இல்லை’ என்பதுதான்.

ஆரம்பக் கசிவைப் பிடிக்க வேறொரு சோதனை இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனை. இதில் ஆல்புமினை அதன் வடிவத்தைக் கொண்டே எதிர்ப்புப் புரதம் பிடித்துவிடுகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்து கொள்ள வேண்டும். ஒருமுறை அதிகமாக இருந்தால் பதற வேண்டாம். காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி ஆகியவற்றாலும் தற்காலிகமாகக் கூடலாம். மருத்துவர் மறுபடியும் சோதித்து உறுதி செய்வார். உறுதியானால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, உரிய மருந்தை எடுத்துக் கொண்டால் சிறுநீரகம் கெடுவதைப் பல ஆண்டுகள் தள்ளிப் போட முடியும்.

அந்தப் பட்டைக்குத் தெரியாத வேறொரு புரதமும் உண்டு. 1840களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் ஒரு நோயாளியின் சிறுநீர் வந்தது. மிதமாகச் சூடாக்கினால் கலங்குகிறது; கொதிக்க வைத்தால் மீண்டும் தெளிகிறது. வழக்கமான புரதம் இப்படிச் செய்யாது. எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோயின் அடையாளம் அது என்று பின்னாளில் விளங்கியது. இன்றைய பட்டை ஆல்புமினுக்கென்று அமைந்தது என்பதால் இந்தப் புரதத்தைக் கண்டுகொள்ளாது. அதற்கென்று தனிச் சோதனை செய்தாக வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ சோதனையும் ஒரு புரதச் சோதனைதான். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், ஹீமோகுளோபினின் பீட்டா சரத்து முதல் மணியில் போய் ஒட்டிக் கொள்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த சில மாதங்களின் கணக்கு தெரிந்துவிடும். கிளினிக்குக்குப் போவதற்கு முன் மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு மருத்துவரை ஏமாற்ற முடியாது. ஆனால் தாலசீமியா, ஹீமோகுளோபின் ஈ, இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றிக் கொண்டவர்களுக்கும் இந்த எண் தவறான பாதை காட்டலாம். உங்கள் குடும்பத்தில் இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் வேறு சோதனையைத் தேர்ந்தெடுப்பார்.

கேட்க வேண்டிய கேள்வி

அன்பு நேயர்களே, நிறைவுரைக்கு வருகிறேன். சோதனைகளை நம்பாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. தயவு செய்து யாரும் அப்படிப் புரிந்து கொண்டு கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு சோதனையும் புரதத்தின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்து கொண்டால் அது நமக்கு உற்ற தோழன்.

பெற்றோர்களே, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து ‘இன்று புரதச் சோதனை செய்தோம், நிறம் மாறியது’ என்று சொன்னால், ‘எதைப் பார்த்து நிறம் மாறியது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணுக்கு அப்பால் சிந்திக்க அது ஒரு தொடக்கம். பெரியவர்களே, அடுத்த முறை மருத்துவர் ‘சிறுநீர் நன்றாக இருக்கிறது’ என்றால், ‘டாக்டர், பட்டையில் பார்த்தீர்களா, ஆல்புமின் விகிதம் பார்த்தீர்களா?’ என்று மரியாதையோடு கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

அந்த ஒரு கேள்வியை நம் சமூகத்தில் ஆயிரம் பேர் கேட்கத் தொடங்கினால், டயாலிசிஸ் நாற்காலிகளில் சில காலியாக இருக்கும். அதுவே இந்த உரையின் பயன்.